நானே இழுத்தால் பாதி எடை, தம்பி இழுத்தால் கிளைக்கு இரட்டை எடை: மரமேறும் கயிற்றில் கப்பியின் கணக்கு

புளியமரத்தடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில், எங்கள் வீட்டுக் கொல்லையில் தாத்தா காலத்துப் புளியமரம் ஒன்று நிற்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது சுற்றியிருந்த தென்னைகள் சாய்ந்தும் இது சாயவில்லை. ஆனால் அன்றைக்குக் காற்றில் முறுக்குண்ட இரண்டு கிளைகள் நாளடைவில் பட்டுப்போய், இப்போது மாட்டுக்கொட்டகையின் ஓட்டுக்கு நேர் மேலே நிற்கின்றன. புளி உலுக்க வந்துகொண்டிருந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் மரமேறுவதில்லை. எனவே முறையாகக் கயிற்றில் ஏறப் பழகலாம் என்று எண்ணி, 12 மில்லிமீட்டர் கயிறு 40 மீட்டர், இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் ஹார்னஸ், கையால் பிடித்து ஏறும் அசெண்டர் ஒன்று, பேரிங் வைத்த கப்பி ஒன்று, கயிற்றை மாட்டும், திறந்து மூடும் உலோக வளையங்களான காரபைனர்கள் சில ஆகியவற்றை வாங்கினேன்.

சென்ற ஞாயிறன்று ஏறத்தாழ 18 அடி உயரத்தில் உள்ள ஒரு கவையில் சோதித்துப் பார்த்தேன். கயிற்றைக் கவையின் மேலே போட்டு, ஒரு முனையை ஹார்னஸில் கட்டிக்கொண்டு, மறுமுனையை நானே பிடித்து இழுத்தேன். உடம்பு எழும்பியது, ஆனால் நான்கு இழுப்புக்குள் தோள்பட்டை விட்டுப்போயிற்று. பிறகு அதே கவையில் ஒரு பட்டையைச் சுற்றிக் கப்பியைத் தொங்கவிட்டு அதன் வழியாக இழுத்தபோது, நம்ப முடியாத அளவுக்கு எளிதாக இருந்தது. அந்தத் தைரியத்தில், நான் சும்மா தொங்கிக்கொண்டிருக்க, தம்பியைக் கீழே நின்று இழுக்கச் சொன்னேன். நான் 72 கிலோ, அவன் 58 கிலோ. என் பாதம் தரையை விட்டு எழும்பவே இல்லை. மாறாக அவனுடைய குதிகால்தான் எழும்பியது. பக்கத்து வீட்டு மாமாவும் சேர்ந்து பிடித்த பிறகு நான் உயர்ந்தேன். ஆனால் அதுவரை சத்தமே போடாத கிளை அப்போது நறநறவென்று முனகியது. உடனே இறக்கிவிடச் சொல்லிவிட்டேன்.

அதே கயிறு, அதே கப்பி, அதே நான். இழுக்கும் ஆள் மாறியதால் மட்டும் எப்படி இவ்வளவு வேறுபாடு வரும்? ஒரு கப்பி பாதியாக்கும் என்றால் இன்னும் இரண்டைச் சேர்த்து மேலும் குறைத்துக்கொள்ளலாமா? இந்தக் கை அசெண்டரை எங்கே பயன்படுத்துவது, முடிச்சுகளை எங்கே பயன்படுத்துவது? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெம்புகோல் எழுதியது:

முப்பது ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு விடை சொல்கிறேன். மரமேறுவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை அறிந்தவர்கள் வரட்டும்.

கிணற்றில் தண்ணீர் சேந்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். ராட்டினம் வாளியின் எடையை ஒரு குன்றிமணி அளவுகூடக் குறைப்பதில்லை. மேலே தூக்க வேண்டியதைக் கீழே இழுக்கும் வசதியாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வாளிக்குள் நீங்களே உட்கார்ந்துகொண்டு, கயிற்றின் மறுமுனையையும் நீங்களே பிடித்து இழுப்பதாக வைத்துக்கொண்டால், கணக்கு மாறிவிடுகிறது. உங்களைச் சுற்றி ஒரு கற்பனைக் கோடு போட்டு, அந்தக் கோட்டை வெட்டிக்கொண்டு மேலே போகும் கயிறுகளை எண்ணுங்கள். ஹார்னஸில் கட்டியது ஒன்று, கையில் பிடித்தது ஒன்று, ஆக இரண்டு. 72 கிலோவை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. கைக்கு 36 வருகிறது. அதற்கு விலையாக, ஒரு மீட்டர் உயர்வதற்கு இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். தம்பி இழுக்கும்போது உங்களைச் சுற்றிய கோட்டை வெட்டுவது ஒரே கயிறுதான். எனவே முழு 72 கிலோவும் அவன் கைக்குப் போகிறது. கீழ்நோக்கி இழுப்பவனால் தன் உடல் எடைக்கு மேல் இழுக்க முடியாது. 58 கிலோ ஆள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், வேரைக் காலால் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டால் ஒழிய, 72 கிலோவைத் தூக்கும் முன் தானே தூக்கப்பட்டுவிடுவான். அவனுடைய குதிகால் எழும்பியதற்குக் காரணம் இதுவே.

கிளை முனகியதும் இதே கணக்கால்தான். நீங்களே இழுக்கும்போது கிளையில் தொங்குவது நீங்கள் ஒருவர் மட்டுமே. அது சுமப்பது 72 கிலோ. கீழிருந்து இழுக்கும்போது உங்கள் பக்கம் 72, தம்பி பக்கம் 72, ஆகக் கிளையின் தலையில் 144.

இனி வெறும் மரப்பட்டைக்கும் கப்பிக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். கயிறு கிளையின் மேல் அரைச்சுற்று வளைந்து கிடக்கிறது. மரத்துக்கும் கயிற்றுக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஆய்லரின் சமன்பாட்டின்படி, இழுக்கும் பக்கத்தின் இழுவிசை மறுபக்கத்தைப் போல ஏறத்தாழ 2.6 மடங்கு இருந்தால்தான் கயிறு நகரும். கிளை தடியாக இருக்கிறதா மெல்லியதாக இருக்கிறதா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. எவ்வளவு கோணம் சுற்றியிருக்கிறது என்பது மட்டுமே வருகிறது. அப்படியானால் நீங்கள் வெறும் கிளையில் உங்களை இழுத்தபோது கைக்குக் கிடைத்தது 36 அல்ல, 52. ஹார்னஸ் பக்கம் மீதி 20 மட்டுமே. நல்ல பேரிங் கப்பியில் இந்த மடங்கு 1.1 அளவுக்கு இறங்கிவிடுவதால் கைக்கு 38 வந்தது. உங்கள் தோள்பட்டை உணர்ந்த வேறுபாடு இந்த 14 கிலோதான். கப்பி இல்லாமல் தம்பியை இழுக்கச் சொல்லியிருந்தால் 187 கிலோ தேவைப்பட்டிருக்கும். கிளைக்கு 259 போயிருக்கும். நல்ல வேளையாக அதைச் செய்து பார்க்கவில்லை.

காவிரிக்கரையான் எழுதியது:

இவ்வளவு கணக்கு எதற்கு? தென்னை ஏறுவதற்கென்று இரும்புச் சட்டத்தில் கம்பிவடம் வைத்த கருவி விற்கிறது. எங்கள் ஊரில் பெண்கள்கூட அதில் ஏறித் தேங்காய் பறிக்கிறார்கள். ஒன்றை வாங்கிப் புளியமரத்தில் மாட்டினால் வேலை முடிந்தது.

வடக்கயிறு எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். 9 ஆண்டுகளாக இங்கிலாந்தில் மரப் பராமரிப்புத் தொழிலில் இருக்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன கணக்கு முழுவதும் சரி. எங்கள் தொழிலில் உள்ள கருவிகள் யாவும் அந்த ஒரே கணக்கைச் சுற்றித்தான் பிறந்திருக்கின்றன என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கயிற்றில் மரமேறுவதற்கு இரண்டு முறைகள் உண்டு. முதலாவது, நீங்கள் செய்ததுபோல, கயிறு மேலே ஒரு வளையத்திலோ கப்பியிலோ ஓடுவது. ஏறுபவரோடு கயிறும் நகர்கிறது. இரண்டாவது, கயிற்றை மேலேயோ அடிமரத்திலோ கட்டி அசையாமல் நிறுத்திவிட்டு, அந்த ஒற்றைக் கயிற்றின்மீது கருவிகளை மாட்டி ஏறுவது. ஓடும் கயிற்றில் பாதிப் பாரம் கிடைக்கிறது. நிற்கும் கயிற்றில் அந்த ஆதாயம் இல்லை. அப்படியிருந்தும், உயரமான மரங்களில் பெரும்பாலோர் நிற்கும் கயிற்றையே விரும்புகிறார்கள். காரணம், அதில் வேலை செய்வது கை அல்ல, கால். ஒரு பாதத்தில் பாத அசெண்டரும், மறுகாலின் முழங்காலருகே இன்னொன்றும் மாட்டிக்கொண்டு, படிக்கட்டு ஏறுவதுபோல மாறிமாறி மிதித்தால், முழுப் பாரத்தையும் தொடைத் தசை தூக்கிவிடுகிறது. நாள் முழுவதும் 72 கிலோவைத் தூக்கிப் படியேறப் பழகிய கால் அது. 15 மீட்டர் ஏறுவதற்கு 38 கிலோ விசையில் 30 மீட்டர் கயிற்றைக் கையால் இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இப்போது முடிச்சுக்கு வருவோம். ஓடும் கயிற்றில் ஒவ்வொரு இழுப்புக்குப் பின்பும் நீங்கள் வழுக்கி இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்ள, கை பிடிக்கும் கயிற்றில் ஓர் உராய்வு முடிச்சு போட்டு அதை ஹார்னஸில் மாட்ட வேண்டும். ஆஸ்திரிய மலையேறியான கார்ல் ப்ரூசிக் 1931இல் விவரித்த ப்ரூசிக் முடிச்சு இந்த வகையில் மூத்தது. மரமேறிகளிடம் இன்று அதிகம் புழங்குவது பிளேக் முடிச்சும் டிஸ்டல் முடிச்சும். பாரம் ஏறினால் கயிற்றை இறுகப் பிடிக்கும். கையால் மெல்லக் கீழே தள்ளினால் வழுக்கிக்கொடுக்கும். ஓடும் கயிற்றில் இந்த முடிச்சுகள் அழகாக வேலை செய்வதற்குக் காரணமே, அவற்றின்மேல் பாதிப் பாரம்தான் இருக்கிறது என்பது. அதே முடிச்சை நிற்கும் ஒற்றைக் கயிற்றில் போட்டு முழுப் பாரத்தையும் கொடுத்தால் கல்லாக இறுகிவிடும். மேலே தொங்கியபடி அதை அவிழ்க்க முடியாமல் தவிப்பீர்கள். இதற்கென்றே ரோப் ரெஞ்ச் என்ற சிறு கருவி வந்தது. அது முடிச்சுக்கு மேலே கயிற்றைச் சற்றே மடித்துப் பிடித்து, பாரத்தில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறது. முடிச்சுக்கு மீண்டும் அதன் பழைய பங்கே மிஞ்சுகிறது.

உங்கள் கையில் உள்ள அசெண்டரைத் திறந்து பாருங்கள். உள்ளே சாய்ந்த பற்கள் தெரியும். அவை கயிற்றின் வெளியுறையில் குத்திப் பிடிக்கின்றன. மேலே போகும், கீழே வராது. எனவே அதை மட்டும் நம்பி ஏறியவர் இறங்குவதற்கு வேறு கருவிக்கு மாற வேண்டும். அதைவிட முக்கியமானது, கயிறு தளர்ந்திருக்கும்போது விழுந்து அந்தப் பற்களில் வெட்டிழுப்புக் கொடுத்தால், 4 முதல் 6 கிலோநியூட்டன் அளவில், அதாவது ஏறத்தாழ 400 முதல் 600 கிலோ பாரத்தில், கயிற்றின் உறை கிழிந்து வழுக்கிவிடும். கயிறோ 22 கிலோநியூட்டன் தாங்கும் என்று எழுதப்பட்டிருக்கும். பற்களுக்கு அந்த எண் பொருந்தாது. ஆகவே அசெண்டரை ஏறுவதற்கு உதவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உயிரைத் தாங்குவது முடிச்சாக இருக்கட்டும்.

நீங்கள் தொடங்குவதற்கு உகந்தது ஓடும் கயிறும் கப்பியும் பிளேக் முடிச்சும்தான் என்பது என் கருத்து. கிணற்றுக் கப்பியை ஒருபோதும் இதற்கு மாட்டாதீர்கள். அதன் கொக்கி திறந்தே இருக்கும். வாளை எடுத்து வெட்டத் தொடங்கும் முன், ஏறிய கயிற்றோடு, தனியாக இன்னொரு குறுங்கயிற்றையும் தண்டைச் சுற்றி மாட்டிக்கொள்ளுங்கள். வாள் ஒரு நொடி தவறிக் கயிற்றில் பட்டாலும், மற்றொன்று இருக்கும். இங்கே ஆளைத் தூக்கும் கருவிகளை 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவர் ஆராய்ந்து எழுதிவைக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊரில் கேட்பார் இல்லையென்றாலும், ஏறும் ஒவ்வொரு நாளும் கயிற்றை முனை முதல் முனை வரை விரலிடையே ஓடவிட்டுத் தடவிப் பாருங்கள். உள்ளே மெத்தென்று குழிந்த இடம் தட்டுப்பட்டால் அந்தக் கயிறு மாடு கட்டத்தான் உதவும்.

புளியமரத்தடி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் வடக்கயிறு அண்ணனுக்கும் நன்றி. வாளியில் நாமே உட்கார்ந்து இழுக்கும் உவமையைத் தம்பியிடம் சொன்னேன். தன் பலத்தின்மேல் இருந்த சந்தேகம் தீர்ந்ததில் அவனுக்கு நிம்மதி. ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. ஹார்னஸிலும் ஒரு கப்பியை வைத்தால் மூன்றில் ஒரு பங்காகக் குறையாதா? என்னிடம் இருப்பது ஒரே கப்பி; காரபைனர்கள் ஐந்து இருக்கின்றன. அவற்றின் வழியாகவே கயிற்றை ஓடவிட்டால் என்ன?

நெம்புகோல் எழுதியது:

குறையும். கயிற்றின் ஒரு முனையை மேலே கிளையிலேயே கட்டி, அங்கிருந்து கீழே ஹார்னஸ் கப்பிக்கு வந்து, மீண்டும் மேல்கப்பிக்குப் போய், கைக்கு இறங்குவதாக அமைத்தால், உங்களைச் சுற்றிய கற்பனைக் கோட்டை மூன்று கயிறுகள் வெட்டும். உராய்வே இல்லாவிட்டால் கைக்கு 24 கிலோ. இரண்டு இடத்திலும் 1.1 மடங்குக் கப்பி என்றால், ஒவ்வொரு வளைவிலும் சிறிது சிறிதாகத் தேய்ந்து, கைக்கு 26 கிலோ வரும்.

காரபைனரில்தான் கதை கெடுகிறது. விரல் தடிமன் உள்ள உலோகக் கம்பியில் கயிறு உரசிக்கொண்டு திரும்பும்போது, இழுவிசையில் பாதியை ஒட்டிய அளவு அங்கேயே தொலைந்துவிடும். மடங்கை 1.8 என்று எடுத்துக்கொள்கிறேன். கையில் பிடித்த கயிறு முழு இழுவிசையில் இருக்கும். அடுத்தது அதில் 0.56 பங்கு, அதற்கடுத்தது 0.31 பங்கு. மூன்றையும் கூட்டினால் 1.87 தான் வருகிறது, மூன்று வரவில்லை. 72ஐ அதனால் வகுத்தால் கைக்கு ஏறத்தாழ 38.5 கிலோ. முதல் பதிவில் ஒற்றைக் கப்பிக்கு நான் சொன்ன எண்ணைப் பாருங்கள். அதுவும் 38 தான். அதாவது இரண்டு காரபைனர்களை வைத்து மூன்று மடங்கு அமைப்பைக் கட்டி, ஒரு மீட்டருக்கு மூன்று மீட்டர் கயிற்றை இழுத்து, ஒரே ஒரு நல்ல கப்பி தந்த பலனையே அடைவீர்கள். இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. கயிற்றுக் கணக்கையும் பாருங்கள்: 10 மீட்டர் உயரக் கவைக்கு மூன்று வரிசைக் கயிறு என்றால், கையில் இழுத்து விடுவதைச் சேர்க்காமலே 30 மீட்டர் தேவை.

வடக்கயிறு எழுதியது:

ஐயாவின் கணக்கோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஏறுவதற்கு மூன்று மடங்கு அமைப்பை எங்களில் எவரும் பயன்படுத்துவதில்லை. மேலே கிளைகளுக்கிடையே நுழைந்து போகும்போது மூன்று கயிறுகளும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். ஓடும் கயிறு நிற்கும் கயிற்றின்மீது ஒரே இடத்தில் உரசினால் வாள்போல அறுத்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. மூன்று மடங்கும் ஐந்து மடங்கும் எங்களுக்குத் தேவைப்படுவது, மயங்கித் தொங்கும் ஒருவரைச் சற்று உயர்த்தி அவருடைய கயிற்றை விடுவிக்கவும், வெட்டப்போகும் மரத்தைக் கீழிருந்து ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்கவும்தான்.

கீழிருந்து இழுக்கும்போது ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தம்பியின் கைக்கு இலகுவாக இருக்கட்டும் என்று அடிமரத்தில் கப்பிகளை அமைத்து மூன்று மடங்கு ஆக்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவன் கைக்கு 72க்குப் பதிலாக 30க்கும் குறைவாகவே வரும். தனியாகவே உங்களைத் தூக்கிவிடுவான். ஆனால் கிளையின்மேல் இருந்து இறங்கும் இரண்டு கயிறுகளிலும் பழைய இழுவிசைதான் இருக்கிறது. கிளைக்கு 144 போனது 144 ஆகவே போகும். கப்பிகள் கையின் பாரத்தைத்தான் குறைக்கின்றன. கிளையின் பாரத்தை அல்ல. நிலைமை அதைவிட மோசம் என்றே சொல்வேன். முன்பு கையில் உறைத்தது; இனி உறைக்காது. உங்கள் ஹார்னஸ் ஒரு குச்சியில் மாட்டிக்கொண்டதை அறியாமல் இரண்டு பேர் சேர்ந்து அந்த அமைப்பில் சாய்ந்து இழுத்தால், அவர்கள் கொடுப்பதன் மூன்று மடங்கு உங்கள் இடுப்பிலும், அதைப் போல இரட்டிப்பு கிளையிலும் விழும்.

நிற்கும் கயிற்றை அடிமரத்தில் கட்டுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கயிறு கிளையைத் தாண்டிக் கீழே வந்து அடிமரத்தில் கட்டப்பட்டிருந்தால், இரண்டு பக்கமும் இழுவிசை இருக்கிறது. கப்பியில் ஓடினால் கிளைக்கு 144 வரை போகும், மரப்பட்டையில் கிடந்தால் உராய்வு சிறிது காப்பாற்றி 100 அளவில் நிறுத்தும். மேலே கிளையிலேயே கட்டினால் 72 தான். அதனால் நான் எப்போதும், ஏறும் முன்பு, கயிற்றில் இரண்டு பேர் சேர்ந்து தொங்கிப் பார்த்து, கவையின் ஒலியைக் கேட்டுவிட்டுத்தான் தரையை விட்டுக் காலை எடுப்பேன்.

உடன்குடிப் பனையேறி மகன் எழுதியது:

காவிரிக்கரையான் அண்ணாச்சி சொன்ன தென்னைக் கருவியைப் பற்றி ஒரு சொல். அது புளியமரத்துக்கு உதவாது. அந்தக் கருவியில் இரண்டு சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பிவடம் தண்டைச் சுற்றிப் போகிறது. மிதிக்கும் எடை தண்டிலிருந்து வெளியே தள்ளி விழுவதால் சட்டம் சாய்ந்து, பின்புறம் வடமும் முன்புறம் சட்டத்தின் அடியும் மரத்தைக் கவ்விக்கொள்கின்றன. ஏறுபவர் எடை கூடினால் கவ்வலும் அதே அளவில் கூடும் என்பதால், ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் ஒன்றுபோலவே நிற்கிறது. எடை எவ்வளவு என்பதைவிட, எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதே அங்கே முக்கியம். தண்டோடு ஒட்டிக்கொண்டு மிதித்தால்தான் வழுக்கும். கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஒரு விவசாயி அமைத்த மாதிரி இவற்றில் பேர்பெற்றது. ஆனால் தண்டு கவையாகப் பிரியும் இடம் வந்தவுடன் வடம் அதைத் தாண்டாது. புளியமரத்தில் அது முதல் ஆளுயரத்திலேயே வந்துவிடும்.

வடக்கயிறு அண்ணன் கால்தான் ஏறுகிறது என்று எழுதியதைப் படித்தபோது என் அப்பா கண்முன் வந்தார். பதநீர்ப் பருவத்தில் ஒவ்வொரு பனையிலும் காலையும் மாலையும் ஏறுவார். அவரிடம் கப்பியும் இல்லை, அசெண்டரும் இல்லை. இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடிக்கும் தளைநார் மட்டும்தான். பாதங்கள் தண்டை இரண்டு பக்கமும் அணைத்து மிதிக்கும்போது, தளை அவற்றை விலகவிடாமல் பிடித்துக்கொள்ளும். மிதிக்கிற எடையே பாதத்தைத் தண்டோடு அழுத்தும். கைகள் மரத்தை அணைத்திருக்கும். அவை தூக்குவதில்லை, சாயாமல் பிடித்துக்கொள்வதோடு சரி. உடம்பைத் தூக்குவது தொடை. புதிதாகப் பழக வருபவன் கையால் இழுத்து ஏறப் பார்ப்பான். பாதி மரத்தில் அவன் முழங்கை நடுங்குவதைக் கீழிருந்தே பார்க்கலாம். "கையை நம்பாதல, காலை நம்பு" என்று அப்பா அதட்டுவார். பாத அசெண்டரின் படத்தை அவருக்குக் காட்டினேன். "இது ஒத்தக்காலுக்குத் தளை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புளியமரத்தடி எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஆசிரியர் ஐயாவின் எண்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியதால், புளி மூட்டை நிறுக்கும் 300 கிலோ மின்னணுத் தொங்குதராசை மாமாவிடம் இரவல் வாங்கினேன். கவையில் சுற்றிய பட்டைக்கும் கப்பிக்கும் நடுவே அதை மாட்டினேன். தராசின் கொக்கி ஆளைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல என்பதால், அது விட்டுப்போனாலும் கப்பி விழாதபடி இன்னொரு பட்டையைத் தளர்வாகச் சுற்றிவைத்து, தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் எழும்பாமல் சோதித்தேன்.

ஹார்னஸ், கயிறு, அரிவாள் எல்லாம் சேர்த்து என் எடை 76. சும்மா தொங்கியபோது தராசு 76 காட்டியது. நானே மெதுவாக இழுத்து உயர்ந்தபோது 78க்கும் 85க்கும் இடையே ஆடியது. அவசரமாக, வெட்டி வெட்டி இழுத்தபோது 110 வரை போயிற்று. இதை நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு தம்பியும் மாமாவும் சேர்ந்து கீழிருந்து இழுத்தார்கள். நான் எழும்பத் தொடங்கிய கணத்தில் 158, மாமா ஒரு முறை உதறி இழுத்தபோது 191. கிளை முனகியது சும்மா இல்லை.

இப்போது பிளேக் முடிச்சில், மெதுவாக, 25 அடி வரை ஏறி இறங்கப் பழகியிருக்கிறேன். ஹார்னஸ் காரபைனரிலிருந்து ஒரு சிறு கயிற்று வளையத்தைத் தொங்கவிட்டு, அதில் பாதத்தை வைத்து இடையிடையே எழும்பிப் பார்த்தேன். உடம்பு ஓர் இம்மிகூட உயரவில்லை. பாதத்தோடு நான் தொங்கும் இடமும் சேர்ந்தே இறங்குகிறது என்பது தாமதமாகத்தான் புரிந்தது. வளையத்தைக் கை அசெண்டரில் மாட்டி, அதை முடிச்சுக்கு மேலே கயிற்றில் வைத்து மிதித்தபோதுதான் தோள் தப்பியது. பட்டுப்போன கிளைகளை நானே வெட்டுவதாக இல்லை. பங்குனியில் புளி உலுக்கி முடித்த பிறகு, தொழிலாக மரம் வெட்டும் குழு ஒன்றை வரச் சொல்லியிருக்கிறேன். தம்பிக்கும் வேலை கிடைத்துவிட்டது. நான் ஏறும்போது அவன் முடிச்சுக்குக் கீழே தொங்கும் கயிற்றின் வாலை லேசாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்தச் சிறு இழுப்பிலேயே முடிச்சு தானாக மேலே நழுவி வந்துவிடுகிறது; ஒவ்வொரு முறையும் நான் கையை எடுத்து அதை நகர்த்த வேண்டியதில்லை. எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்று கேட்டான். கன்றுக்குட்டியைப் பிடிப்பதுபோலப் பிடி என்றேன்.